ஊர்ச் சாலைச் சந்திப்பில் உள்ள குறையைச் சரிசெய்ய வைப்பது எப்படி: முதல் மனு எழுதுகிறவர்களுக்கு

எங்கள் ஊரில் பள்ளிக்கூடத் தெரு பெரிய சாலையில் வந்து சேரும் முச்சந்தியில், பள்ளி இருப்பதை முன்கூட்டியே சொல்லும் முக்கோணப் பலகை ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் பக்கத்திலிருந்த புங்க மரம் தழைத்து அதை முழுவதுமாக மூடியிருந்ததால், வெளியூரிலிருந்து வரும் லாரி ஓட்டுநருக்கு அது இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அந்த ஒரு கிளையை வெட்டவைக்க ஏழு மாதங்கள் ஆயின. அவற்றில் ஐந்து மாதங்கள் வீணாகப் போனதற்குக் காரணம், அந்தச் சாலை யாருடையது என்று விசாரிக்காமல் நான் வேறோர் அலுவலகத்தில் மனுக் கொடுத்ததும், அதை வாங்கிக்கொண்டவர்கள் உரிய இடத்துக்கு அனுப்பாமல் கோப்பிலேயே வைத்திருந்ததும்தான். உரிய பொறியாளரின் கைக்கு மனு போய்ச் சேர்ந்த பிறகு, ஓர் ஆள் அரிவாளோடு வந்து அரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டுப் போனார்.

அந்த ஐந்து மாதங்கள் மற்றவர்களுக்கு வீணாகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். 2022ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் பதிவாகி, 17,884 பேர் உயிரிழந்தார்கள் என்பது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. விபத்து என்றதும் ஓட்டியவரின் வேகத்தையும் கவனக்குறைவையும் பற்றித்தான் நாம் பேசுகிறோம். மறைந்துபோன பலகை, அழிந்துபோன கோடு, எதிரே வருவதைப் பார்க்கவே முடியாத திருப்பம் ஆகியவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. இவற்றில் பெரும்பாலானவை பெரிய செலவில்லாமல் சரிசெய்யக் கூடியவை. யாராவது ஒருவர் முறையாகக் கேட்க வேண்டும், அவ்வளவே. இங்கே சொல்பவை தமிழ்நாட்டு நடைமுறைக்கு உரியவை.

சாலை யாருடையது என்பதைக் கண்டறிதல்

மனு எழுதப் பேனாவை எடுப்பதற்கு முன்னால் இதை முடித்துவிட வேண்டும். ஊருக்குள் ஓடுகிற சாலை எல்லாம் பேரூராட்சிக்கோ நகராட்சிக்கோ சொந்தம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் கடைத்தெருவாகவே மாறிவிட்ட பல முக்கியச் சாலைகள் நெடுஞ்சாலைத் துறையின் கணக்கில்தான் இருக்கின்றன. சாலையோரத்துக் கிலோமீட்டர் கல்லைப் பார்த்தால் முதல் துப்புக் கிடைக்கும். கல்லின் தலைப்பகுதி மஞ்சளாக இருந்தால் அது தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை, நீலமாகவோ கருப்பாகவோ இருந்தால் பெரும்பாலும் மாவட்டச் சாலை. பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில் போடப்பட்ட சாலைகளில் ஆரஞ்சு நிறத்தைக் காணலாம். கல்லே இல்லாத உள்தெருக்கள் பொதுவாக உள்ளாட்சி அமைப்புக்கு உரியவை.

மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கிய சாலை, மாவட்ட இதர சாலை ஆகிய மூன்றையும் நெடுஞ்சாலைத் துறையின் கட்டுமானம் மற்றும் பராமரிப்புப் பிரிவு கவனித்துக்கொள்கிறது. களத்துக்கு நேரில் வருகிறவர் உதவிப் பொறியாளர். அவருக்கு மேல் உட்கோட்ட அளவில் உதவிக் கோட்டப் பொறியாளரும், அவருக்கும் மேல் கோட்டப் பொறியாளரும் இருப்பார்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால், சுங்கச்சாவடியோடு ஓடுகிற நான்கு வழிச் சாலைகளைப் பெரும்பாலும் தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையத்தின் திட்ட இயக்குநர் அலுவலகம் கவனிக்கும். மற்றச் சில பகுதிகள் மாநில நெடுஞ்சாலைத் துறையிலேயே உள்ள தேசிய நெடுஞ்சாலைப் பிரிவின் கையில் இருக்கும். நகராட்சித் தெருவுக்கு ஆணையரும், பேரூராட்சித் தெருவுக்குச் செயல் அலுவலரும், ஊராட்சி ஒன்றியச் சாலைக்கு வட்டார வளர்ச்சி அலுவலரும் பொறுப்பு. சென்னையில் பேருந்துகள் ஓடும் சாலைகளுக்கு மாநகராட்சியில் தனித் துறை உண்டு. உள்தெருக்களை அந்தந்த மண்டல அலுவலகம் பார்த்துக்கொள்ளும். அதே சென்னைக்குள் நெடுஞ்சாலைத் துறையின் சாலைகளும் இருப்பதால் அங்கேயும் விசாரித்துக்கொள்வது நல்லது.

சந்திப்புகளில் இன்னொரு சிக்கல் உண்டு. தெரு பேரூராட்சிக்கும், அது போய்ச் சேரும் சாலை நெடுஞ்சாலைத் துறைக்கும், அங்கேயுள்ள சிக்னல் போக்குவரத்துக் காவல்துறையின் பொறுப்புக்கும், சிக்னலை மறைக்கும் மரக்கிளை மின்கம்பியில் உரசுவதால் மின்வாரியத்தின் கவனத்துக்கும் உரியதாக இருக்கலாம். ஒருவர் மற்றவரைக் கைகாட்டிவிட்டு நகர்வதற்கு இதைவிட வசதியான இடம் வேறு கிடையாது. ஆகவே மனுவை ஒருவருக்கு முகவரியிட்டு, மற்றவர்களுக்கு நகல் அனுப்பி, யார் யாருக்கு நகல் போயிருக்கிறது என்பதை மனுவின் அடியிலேயே எழுதிவிட வேண்டும்.

விசாரித்தும் தெரியவில்லை என்றால், அந்தச் சாலையில் கடைசியாகத் தார் போட்டது எந்த அலுவலகம் என்று அங்கே பல வருடங்களாகக் கடை வைத்திருப்பவரைக் கேளுங்கள். பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

இடத்தில் நின்று அளந்து பார்த்தல்

“இந்தச் சந்திப்பு மிகவும் ஆபத்தானது” என்று எழுதப்பட்ட மனுவை ஒரு பொறியாளர் நூறு முறை படித்திருப்பார். “தெற்கிலிருந்து வருகிறவருக்குப் பலகை 22 மீட்டர் தூரத்தில்தான் கண்ணில் படுகிறது” என்று எழுதப்பட்டதை அவர் அதிகம் பார்த்திருக்க மாட்டார். அந்த ஒரு வரிக்காகத்தான் நாம் அளக்க வேண்டும்.

நான் அளந்த விதத்தைச் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், போக்குவரத்து தொடங்காத நேரத்தில், மகனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, கொஞ்சம் கோலமாவும் தையல்காரரிடம் கேட்டு வாங்கிய நாடாவும் எடுத்துக்கொண்டு போனேன். ஸ்கூட்டரைச் சாலையின் இடது ஓரத்தில் உருட்டிக்கொண்டே போய், சற்றைக்கொரு தரம் அதன்மேல் உட்கார்ந்து, புங்கக் கிளைக்குப் பின்னால் பலகையின் சிவப்பு விளிம்பு முதன்முதலில் எங்கே தெரிகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் சாலையோர மண்ணில் கோலமாவால் ஒரு கோடு போட்டோம். அங்கிருந்து பலகைக் கம்பம் வரை அளந்தபோது 22 மீட்டர்தான் இருந்தது. உட்கார்ந்து பார்ப்பது முக்கியம். ஓட்டுநரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்தே சாலைப் பொறியாளர்கள் கணக்கிடுகிறார்கள். நின்றுகொண்டு பார்த்தால் நமக்குத் தெரிவது ஓட்டுகிறவருக்குத் தெரியாமல் போகலாம்.

22 மீட்டர் போதுமா என்பதற்கும் கணக்கு உண்டு. 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 14 மீட்டர் கடந்துவிடும். கண்ணில் பட்டதை உணர்ந்து பிரேக்கை மிதிப்பதற்கு 2.5 விநாடி ஆகும் என்பது இந்தியச் சாலைகள் பேராயத்தின் வடிவமைப்பு விதிகளில் உள்ள கணக்கு. அதற்குள்ளேயே வண்டி 35 மீட்டர் ஓடியிருக்கும். அதற்குப் பிறகு பிரேக் பிடித்து நிற்கும் தூரத்தையும் சேர்த்து, 50 கிலோமீட்டர் வேகத்துக்கு 60 மீட்டர், 60 கிலோமீட்டருக்கு 80 மீட்டர், 80 கிலோமீட்டருக்கு 120 மீட்டர் தூரமாவது முன்னால் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று அதே விதிகள் சொல்கின்றன. தெருவிலிருந்து பெரிய சாலையில் ஏறும் இடத்தில் எதிர்வரும் வண்டி எவ்வளவு தூரத்தில் தெரிகிறது என்பதையும் இப்படியே அளக்கலாம். அங்கே பார்வையை மறைப்பது சுற்றுச்சுவரா, சென்டர் மீடியனில் வளர்ந்த அரளிச் செடியா, வரிசையாக நிற்கும் ஷேர் ஆட்டோக்களா, ஃபிளெக்ஸ் பேனரா என்பதைத் தனித்தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் ஒவ்வொன்றையும் அகற்ற வேண்டியவர் வேறு.

எந்தக் காரணத்துக்காகவும் ஓடும் சாலைக்குள் இறங்கி அளக்க வேண்டாம். ஓரத்தில் நடந்து அளந்ததே போதும்.

அளவுகளுக்குப் பிறகு படங்கள் எடுக்க வேண்டும். ஓட்டுநர் வரும் திசையிலிருந்து மூன்று தூரங்களில் எடுத்த படங்கள் ஒரு கதையையே சொல்லிவிடும்: 100 மீட்டரில் ஒன்று, 50 மீட்டரில் ஒன்று, பலகைக்கு அருகில் ஒன்று. இரவிலும் ஒரு முறை போய்ப் பார்க்கத் தவறாதீர்கள். பகலில் பளிச்சென்று தெரியும் பலகையின் ஒளிரும் படலம் வெயிலில் வெந்து உரிந்திருந்தால், இரவில் முகப்பு வெளிச்சம் பட்டாலும் அது கருப்பாகவே கிடக்கும். வேகத்தடையில் பூசியிருந்த வெள்ளைப் பட்டையும் அப்படித்தான். மழை பெய்கிற இரவில் எடுத்த ஒரு படம் பகலில் எடுத்த பத்துப் படங்களுக்குச் சமம்.

சிக்னல் உள்ள இடம் என்றால், பாதசாரிக்கு விடப்படும் நேரத்தைக் கைக்கடிகாரத்தில் பாருங்கள். விநாடிக்கு 1.2 மீட்டர் என்ற நடைவேகத்தை வைத்தே இந்த நேரத்தைப் பொதுவாகக் கணக்கிடுவார்கள். 14 மீட்டர் அகலச் சாலைக்கு 12 விநாடி வரும். கையில் பையோடு போகும் பெரியவர் ஒருவர் உண்மையில் எத்தனை விநாடியில் கடக்கிறார் என்பதை நான்கைந்து பேருக்குக் குறித்துக்கொண்டு மனுவில் எழுதினால், கோரிக்கையின் நியாயம் படிக்கிறவருக்கு உடனே விளங்கும்.

பதிவாகாத விபத்துகள்

இது புதிதாக இறங்குகிறவர்கள் தெரிந்திருக்க வேண்டிய விஷயம், எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயமும்கூட. ஒரு சந்திப்பில் வாரத்துக்கு ஒருவர் விழுந்து எழுந்தாலும், இரு தரப்பும் அங்கேயே பேசித் தீர்த்துக்கொண்டு போய்விட்டால், காவல் நிலையத்தில் ஒன்றும் பதிவாகாது. பதிவாகாத விபத்து அரசின் ஒருங்கிணைந்த விபத்துத் தரவுத்தளத்திலும் ஏறாது, சென்னை ஐ.ஐ.டி. வடிவமைத்த அந்தத் தரவுத்தளத்துக்குக் காவல் நிலையத்திலிருந்துதான் விவரம் போகிறது. அதனால் ஊரே அஞ்சுகிற முச்சந்தி, காகிதத்தில் ஒரு குறையும் இல்லாத முச்சந்தியாகத் தோன்றும். தேசிய நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட விபத்துகள் ஐந்து நடந்திருந்தால், அல்லது பத்துப் பேர் இறந்திருந்தால், அதை விபத்துக் கரும்புள்ளி என்று வகைப்படுத்திச் சீரமைக்கிறார்கள். அந்த எண்ணிக்கை வரும்வரை ஊர் காத்திருக்கக் கூடாது என்றால், நாமே பதிவு வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் முச்சந்தியில் தேநீர்க்கடை வைத்திருப்பவரிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கிக் கொடுத்து, யாராவது விழுந்தாலோ மோதினாலோ தேதி, நேரம், எந்தத் திசையிலிருந்து வந்த எந்த வகை வண்டி, மழையா வெயிலா என்று மட்டும் எழுதி வைக்கச் சொன்னோம். பெயர்களும் வண்டி எண்களும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். இரண்டு மாதத்தில் பதினொரு வரிகள் சேர்ந்தன. அவற்றில் எட்டு, மாலை பள்ளி விடும் நேரத்தில் தெற்கிலிருந்து வந்த இருசக்கர வண்டிகள். அந்தப் பக்கத்தின் நகலை மனுவோடு இணைத்தபோதுதான், பொறியாளர் என்னை உட்காரச் சொல்லிப் பேசினார். காயம் ஏற்பட்ட விபத்துகளைக் காவல் நிலையத்தில் பதிவு செய்யும்படி ஊர்க்காரர்களிடம் எடுத்துச் சொல்வதும் இந்த வேலையின் ஒரு பகுதிதான்.

எதைக் கேட்பது

நம் ஊர்களில் சாலைப் பாதுகாப்பு என்றாலே வேகத்தடை கேட்பது வழக்கமாகிவிட்டது. ஒரு விபத்து நடந்தால் மறியல், மறியல் நடந்தால் அன்று இரவே ஒரு மேடு. இதை நான் வன்மையாக மறுக்கிறேன். முன்னெச்சரிக்கைப் பலகையும் வெள்ளைப் பட்டையும் இல்லாமல் அவசரத்தில் கொட்டப்பட்ட மேடு, பின்னால் குழந்தையோடு உட்கார்ந்து வரும் பெண்ணைத் தூக்கி எறிந்துவிடும். முறையான வட்ட வேகத்தடைக்கு அளவு உண்டு: வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம். 25 கிலோமீட்டர் வேகத்தில் அலுங்காமல் கடக்க முடிய வேண்டும். நம் தெருக்களில் இருக்கும் பெரும்பாலான மேடுகளை இந்த அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு முழ அகலத்தில் செங்குத்தாக நிற்பவற்றை நீக்கும்படியோ, முறைப்படி மாற்றும்படியோ கேட்பதும் நியாயமான கோரிக்கையே.

குறைக்குப் பொருத்தமான, கூடியவரை சிறிய தீர்வைக் கேட்பதே விரைவில் பலன் தரும். கிளையை வெட்டுவது, திரும்பிக் கிடக்கும் பலகையை நேராக்குவது, நிறுத்தக் கோட்டையும் ஜீப்ரா கிராசிங்கையும் மறுபடி வரைவது, ரிஃப்ளெக்டர் பதிப்பது, எரியாத ஹைமாஸ் விளக்கைச் சரிசெய்வது போன்றவற்றைப் பராமரிப்பு நிதியிலேயே முடித்துவிடலாம். தெரு முனையில் நிறுத்தாமல் வண்டிகள் பாய்கின்றன என்றால், அங்கே எண்கோண வடிவிலான ‘நில்’ பலகையும் நிறுத்தக் கோடும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். புதிய சிக்னல், ரவுண்டானா, மீடியன் இடைவெளியை மூடுவது, திருப்பத்தை அகலப்படுத்துவது ஆகியவற்றுக்குப் போக்குவரத்துக் கணக்கெடுப்பு, மதிப்பீடு, நிதி ஒதுக்கீடு, ஒப்பந்தப்புள்ளி என்று பல கட்டங்கள் உண்டு. ஒரு வருடத்துக்கும் மேல் ஆகலாம். ஒருவழிப் பாதை, வேகக் கட்டுப்பாடு, வண்டி நிறுத்தத் தடை போன்றவை காவல்துறையும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டியவை என்பதால் பொறியாளரால் மட்டும் செய்துவிட முடியாது. ஆகவே பெரியதையும் சிறியதையும் ஒரே மனுவில் கலக்காதீர்கள். கலந்தால், பெரியதற்கு நிதி இல்லை என்ற பதிலோடு சிறியதும் சேர்ந்து மூடப்பட்டுவிடும்.

இன்னொன்று: ஆபத்தை நாம் விளக்கலாம், தீர்வைப் பரிந்துரைக்கலாம், ஆனால் இறுதி வடிவத்தைப் பொறியாளர் முடிவு செய்யட்டும். எங்கள் கோரிக்கையில் குவி ஆடி வைக்கும்படியும் கேட்டிருந்தோம். பார்வையை மறைத்த மண்மேட்டை வெட்டினால் ஆடியே தேவையில்லை என்று நேரில் வந்த உதவிப் பொறியாளர் சொன்னார். அவர் சொன்னதுதான் சரி.

மனு எழுதும் முறை

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். இடத்தை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். நெடுஞ்சாலைகளில் கிலோமீட்டர் கல்லுக்கு இடையில் 200 மீட்டருக்கு ஒன்றாகச் சிறு கற்கள் நடப்பட்டிருக்கும்; அவற்றில் 12/2, 12/4 என்று எழுதியிருக்கும். 12/4 என்றால் பன்னிரண்டாம் கிலோமீட்டரைத் தாண்டி 400 மீட்டர் என்று பொருள். பொறியாளர் பேசுவது அந்த மொழியில்தான். கல் இல்லாத இடத்தில் கைப்பேசி வரைபடத்திலிருந்து அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் குறிப்பிட்டு, அருகிலுள்ள கோயிலையோ பள்ளியையோ சேர்த்து எழுதுங்கள். “பொருள்” என்ற இடத்தில் இப்படி எழுதலாம்:

“பொருள்: மாவட்ட முக்கிய சாலையில் கி.மீ. 12/4 அருகே, அரசு மேல்நிலைப் பள்ளித் தெரு சேரும் முச்சந்தியில், வடக்கு நோக்கி வரும் வாகனங்களுக்கான ‘பள்ளி’ எச்சரிக்கைப் பலகையை மரக்கிளை மறைத்துள்ளதைச் சரிசெய்யவும், அழிந்துபோன நிறுத்தக் கோட்டை மீண்டும் வரையவும் கோருதல் - தொடர்பாக.”

அடுத்த பத்தியில் நாம் கண்டதையும் அளந்ததையும் சொல்ல வேண்டும். அதற்கடுத்த பத்தியில் யார் எந்த நேரத்தில் அந்த வழியாகப் போகிறார்கள், என்னென்ன நடந்திருக்கின்றன என்பதைச் சொல்ல வேண்டும். கடைசிப் பத்தியில் கோரிக்கை. “தங்கள் அலுவலகப் பொறியாளர் இடத்தை நேரில் பார்வையிட வரும் நாளை முன்கூட்டியே தெரிவித்தால் நாங்களும் உடன் இருந்து காட்டுவோம்” என்ற வரியைச் சேர்க்க மறக்காதீர்கள். அந்த வரிக்குப் பலன் உண்டு. கோபத்தையும் குற்றச்சாட்டையும் மனுவில் ஏற்ற வேண்டாம். படிப்பவர் பல இடங்களில் ஒரே கையிருப்பு நிதியை வைத்துப் பகிர்ந்து செலவு செய்கிறவர் என்பதை நினைவில் வைத்தால் நடை தானாக அமைந்துவிடும்.

பள்ளித் தலைமையாசிரியர், பெற்றோர் ஆசிரியர் கழகம், வணிகர் சங்கம், ஆட்டோ நிறுத்தத்தார் ஆகியோரின் கையொப்பங்கள் பல நூறு தனிக் கையொப்பங்களைவிட எடை கூடியவை. தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து உதவக் கூடியவர் என்பதால் சட்டமன்ற உறுப்பினருக்கும், வார்டு உறுப்பினருக்கும் நகல் கொடுக்கலாம்.

கொடுக்கும் இடமும் ஒப்புகையும்

நேரில் கொடுத்தால், நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். தபாலில் அனுப்பினால், போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். முதலமைச்சரின் உதவி மையத்துக்கு 1100 என்ற எண்ணிலும், சென்னை மாநகராட்சிக்கு 1913 என்ற எண்ணிலும், தேசிய நெடுஞ்சாலையில் என்றால் 1033 என்ற எண்ணிலும் புகார் பதிவு செய்யலாம். நெடுஞ்சாலைத் துறை ‘நம்ம சாலை’ என்ற செயலியையும் வைத்திருக்கிறது. அது முக்கியமாகப் பள்ளங்களுக்கானது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கொடுக்கும் மனுவுக்கும் பதிவு எண் கிடைக்கும். ஊராட்சிச் சாலை என்றால் கிராமசபைக் கூட்டத்தில் தீர்மானமாகவே கொண்டுவரலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் அது கூடுகிறது.

எங்கே கொடுத்தாலும் பதிவு எண், தேதி, வாங்கியவரின் பதவி ஆகிய மூன்றையும் ஒரே நோட்டில் எழுதி வையுங்கள். “உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது” என்று சொல்லி மனு முடித்துவைக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வரும். அது முடிவில்லை. யாருக்கு, எந்தக் கடித எண்ணில் அனுப்பப்பட்டது என்று கேட்டு வாங்கிக்கொண்டு, அந்த எண்ணோடு அடுத்த அலுவலகத்துக்குப் போக வேண்டும். இடத்தில் ஒன்றும் நடக்காமலேயே மூடியிருந்தால், அன்றைய தேதியில் எடுத்த படத்தோடு பழைய எண்ணைக் குறிப்பிட்டு மறுபடியும் பதிவு செய்யுங்கள்.

முப்பது நாள்களுக்குப் பிறகும் அசைவில்லை என்றால்

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இங்கே கைகொடுக்கும். பிரிவு 6(1)இன் கீழ், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். “ஏன் செய்யவில்லை” என்று கேட்டால் அது தகவல் ஆகாது என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: இந்தத் தேதியில் பெறப்பட்ட என் மனுவின் மீது எழுதப்பட்ட அலுவலகக் குறிப்பின் நகல், தள ஆய்வு நடந்திருந்தால் அதன் அறிக்கை, இந்தச் சாலை எந்த அலுவலகத்தின் பராமரிப்பில் உள்ளது என்பதற்கான பதிவேட்டு நகல். காவல்துறைக்குத் தனியாக விண்ணப்பித்து, அந்தச் சந்திப்பில் கடந்த மூன்று ஆண்டுகளில் பதிவான விபத்து வழக்குகளின் எண்ணிக்கையைக் கேட்கலாம். முப்பது நாள்களில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாள்களுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகும் வராவிட்டால் தொண்ணூறு நாள்களுக்குள் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. அலுவலகம் தவறாக இருந்தால் ஐந்து நாள்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும் என்று பிரிவு 6(3) சொல்கிறது. என் ஐந்து மாதத் தேக்கம் உடைந்ததே இந்தப் பிரிவால்தான்.

பல துறைகள் ஒன்றையொன்று கைகாட்டும் சந்திப்புகளுக்கு மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவே சரியான இடம். கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கில், 2017 நவம்பர் 30 அன்று பிறப்பிக்கப்பட்ட உத்தரவு ஒவ்வொரு மாவட்டத்திலும் இந்தக் குழு அமைக்கப்பட்டுத் தவறாமல் கூட வேண்டும் என்று பணித்தது. ஆட்சியர் தலைமையில், காவல்துறை, நெடுஞ்சாலைத் துறை, போக்குவரத்துத் துறை, உள்ளாட்சி என்று சம்பந்தப்பட்ட அனைவரும் ஒரே மேசையில் உட்காரும் கூட்டம் இது. “இந்தச் சந்திப்பை அடுத்த கூட்டத்தின் பொருள் நிரலில் சேர்க்க வேண்டுகிறோம்” என்று ஆட்சியருக்கு எழுதுங்கள். கூட்டம் முடிந்த பிறகு அதன் நடவடிக்கைக் குறிப்பின் நகலையும் கேளுங்கள்.

சட்டத்தையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் பிரிவு 116, போக்குவரத்துப் பலகையை மறைக்கும் விளம்பரத்தை அகற்றும் அதிகாரத்தைக் காவல்துறையின் உயர் அதிகாரிக்கு வழங்குகிறது; பேனர் மறைக்கும் இடங்களில் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டுக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதலாம். 2019இல் சேர்க்கப்பட்ட பிரிவு 198ஏ, சாலை வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் தரத்தைக் கடைப்பிடிக்காததால் உயிரிழப்போ ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பான அதிகார அமைப்புக்கோ ஒப்பந்ததாரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. முதல் மனுவிலேயே இதை எடுத்து நீட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை; நல்லெண்ணத்தோடு வேலை செய்ய முன்வரும் பொறியாளரும் தற்காப்புக்குப் போய்விடுவார். மூன்றாவது நினைவூட்டலில், ஆபத்து எழுத்து மூலம் தெரிவிக்கப்பட்டுவிட்டது என்பதைப் பதிவு செய்யும் ஒரே ஒரு வரியாக அது வந்தால் போதும்.

வேலை நடக்கும் நாளும் அதற்குப் பிறகும்

வேலை தொடங்கும் நாளில் முடிந்தால் அங்கே இருங்கள். புதிய பலகையின் கீழ்விளிம்பு நடைபாதையில் நடப்பவரின் தலையில் இடிக்காமல் ஏறத்தாழ 2 மீட்டர் உயரத்தில் இருக்கிறதா, வண்டி வரும் திசையைப் பார்க்கிறதா, கம்பத்துக்குக் கான்கிரீட் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். எங்கள் இடத்தில் பலகை சற்றே வாய்க்கால் பக்கம் திரும்பி நின்றது. கான்கிரீட் காய்வதற்குள் சொன்னதால் அங்கேயே திருப்பி வைத்தார்கள். மறுநாள் சொல்லியிருந்தால் அதற்கும் ஒரு மனு எழுத வேண்டியிருந்திருக்கும்.

முதல் முறை அளந்த அதே இடங்களிலிருந்து மறுபடியும் அளந்து, படம் எடுத்து, நன்றிக் கடிதத்தோடு பொறியாளருக்கு அனுப்புங்கள். அவருடைய மேலதிகாரிக்கும் நகல் போகட்டும். இரண்டாவது குறையோடு நீங்கள் போகும்போது அந்த அலுவலகத்தில் உங்களை அடையாளம் தெரிந்திருக்கும்.

புங்க மரம் மறுபடியும் தழைக்கும். வடகிழக்குப் பருவமழை முடிந்து மார்கழியில் ஒரு முறையும், பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் ஒரு முறையும் போய்ப் பார்த்துவிடுவது எங்கள் வழக்கம். சென்ற மார்கழியில் கிளை பலகையின் மேல்விளிம்பைத் தொட்டிருந்தது. பழைய மனு எண்ணைச் சொல்லி உதவிப் பொறியாளருக்குத் தொலைபேசியில் தெரிவித்தேன். நான்காம் நாள் காலையில் ஆள் வந்துவிட்டார்.